வீட்டுப் பட்டறையில் எலெக்ட்ரிக் கிட்டார்: வாசகர் கேள்வி – பதில்

எலெக்ட்ரிக் கிட்டாரை வீட்டிலேயே கையால் செய்யும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் உதவக்கூடியவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

*முதல் கிட்டாருக்கு ஆல்டர், மஹோகனி என்று வெளிநாட்டு மரம் வரவழைக்க வேண்டுமா? இங்கே கிடைக்கும் பலகை போதாதா?*
– செந்தூல் வாசகர்

தாராளமாகப் போதும். வெளிநாட்டு மரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை நல்ல ஃப்ரெட் கம்பிக்கும் (விரல்பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) டிரஸ் ராடுக்கும் (கழுத்துக்குள் வைத்து அதன் வளைவைச் சரிசெய்யும் தண்டு) போடுங்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், தந்தி, பாடியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் மூன்றும்தான் எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. மரத்தைப் பொறுத்தவரை அதன் பெயரைவிட, அது காய்ந்திருக்கிறதா என்பதே முக்கியம்.

கோலாலம்பூர் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். வெளியே அடுக்கி வைத்த பலகை, எத்தனை மாதம் கிடந்தாலும், ஏறத்தாழ 15 சதவீத ஈரத்தோடு நின்றுவிடும். அதில் கிட்டார் செய்து ஏர்கான் அறைக்குள் கொண்டுபோனால் மரம் மேலும் சுருங்கும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். பலகைக் கடையில் ‘கே.டி.’ என்று கேட்டு, சூளையில் உலர்த்திய பலகையாக வாங்குங்கள். ஈரமானி 10 முதல் 12 சதவீதம் காட்டினால் நல்லது. ஈரமானி இல்லாதவர்கள் கிட்டார் கடைசியில் எந்த அறையில் இருக்கப் போகிறதோ அங்கேயே பலகைகளை வைக்க வேண்டும். இடையிடையே 20 மி.மீ. குச்சிகள் கொடுத்து அடுக்கி, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு வாரம் எடை மாறாவிட்டால்தான் மரத்தில் கை வைக்கலாம். இந்தப் பொறுமை இல்லாமல் கெட்டுப்போன கழுத்துகளே அதிகம்.

பாடிக்கு ரப்பர் மரம் நல்ல தேர்வு. மேசைப் பலகையாக 18, 25 மி.மீ. தடிமன்களில் ஒட்டியே விற்கிறார்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் 43 மி.மீ. வரும். ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்), டெலி (டெலிகாஸ்டர்) வகைப் பாடிகளின் தடிமன் 44–45 மி.மீ. என்பதால் இது பொருந்தும். குழிகள் வெட்டிய பிறகு ஒரு பாடியின் கன அளவு சுமார் 4,000 கன செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ரப்பர் மரத்தில் அது 2.4 கிலோ எடை வரும். ஜெலுத்தோங் மரத்தில் 1.8 கிலோதான், ஆனால் அது மென்மையான மரம். கழுத்தைப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள் காலப்போக்கில் அதில் லொடலொடத்துவிடும்.

கழுத்துக்கு ஞாதோ மரம் எடுங்கள். பலகையின் முனையைப் பார்த்தால் ரேகைகள் படுக்காமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். நீளவாக்கில் ரேகை பக்கத்துக்கு ஓடிப்போகிற பலகை வேண்டாம். 700 × 75 × 20 மி.மீ. துண்டு போதும். இழைத்து 19 மி.மீ. ஆக்கி, மேலே 6 மி.மீ. விரல்பலகை ஒட்டினால் அடிப்பகுதி 25 மி.மீ. வரும். பாடியில் அதற்கான பள்ளம் 16 மி.மீ. ஆழம். டிரஸ் ராடுக்கு 6 மி.மீ. அகலம், 9 மி.மீ. ஆழத்தில் காடி எடுங்கள். உங்கள் ராடை அளந்துவிட்டே வெட்டுங்கள், ஏனென்றால் தயாரிப்புக்குத் தயாரிப்பு அளவு மாறும். ஞாதோ தூள் கண்ணையும் மூக்கையும் எரிக்கும். என்95 முகக்கவசம் இல்லாமல் இழைக்கவோ தேய்க்கவோ வேண்டாம்.

*பழைய வீட்டை இடித்தபோது செங்கால் மர உத்தரம் ஒன்று கிடைத்தது. அதில் முழு கிட்டாரும் செய்யலாமா?*
– பிறை வாசகர்

பாடிக்கு வேண்டாம். செங்கால் கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல். மேலே சொன்ன கணக்கில் பாடி மட்டுமே 3.6 கிலோவைத் தாண்டிவிடும். கழுத்தும் பிரிட்ஜும் ட்யூனர்களும் சேர்ந்தால் 5 கிலோவுக்கு மேல் தோளில் தொங்கும். ஆனால் விரல்பலகைக்கு இதைவிட நல்ல மரம் தேடிப் போக வேண்டியதில்லை. கெட்டியான மரம், தேயாது, பல்லாண்டு காலம் வீட்டுக்குள் இருந்து அசைவெல்லாம் அடங்கிய மரம். 6 மி.மீ. தகடுகளாக அறுத்தால் ஒரு உத்தரம் பல கிட்டார்களுக்கு வரும்.

அறுக்கும் முன் வலுவான காந்தத்தை நான்கு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். பழைய உத்தரத்தில் தலை முறிந்த ஆணிகள் உள்ளே புதைந்திருக்கும். ஒட்டும் பக்கத்தை ஒட்டுவதற்குச் சற்று முன்பு புதிதாக இழைத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். பிசின் படிந்த பரப்பில் பசை பிடிக்காது.

பழைய மரத்தில் கிட்டார் செய்வது புதிதல்ல. குவீன் குழுவின் பிரையன் மே 1963-இல் தன் தந்தையோடு சேர்ந்து வீட்டில் செய்யத் தொடங்கிய கிட்டாரின் கழுத்து, பழைய கணப்பு மேடை ஒன்றின் மஹோகனிச் சட்டத்திலிருந்து வந்தது. அதைத்தான் அவர் மேடைகளில் வாசித்து வந்திருக்கிறார்.

*ரவுட்டரால் (மரத்தைக் குடைந்து வெட்டும் மின்கருவி) பாடியின் ஓரத்தை வெட்டும்போது கொம்புப் பக்கத்தில் ஒரு துண்டு பிய்ந்துவிட்டது. ஏன்?*
– ஸ்தாப்பாக் வாசகர்

பிய்ந்த துண்டைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மரப்பசை தடவி அதே இடத்தில் ஒட்டி, ஒரு நாள் விட்டுத் தேய்த்தால் அடையாளமே தெரியாது.

ஒரே வீச்சில் அதிக மரத்தை எடுத்திருப்பீர்கள், அல்லது ரேகைக்கு எதிராகப் போயிருப்பீர்கள். முதலில் ஜிக்சாவால் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே வரை அறுத்துவிடுங்கள். 12 மி.மீ. எம்.டி.எஃப். அச்சை இருபக்க டேப்பால் ஒட்டி, பேரிங் வைத்த நேர் பிட்டால் ஒரு தடவைக்கு 5 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் வெட்டுங்கள். வெளி ஓரத்தை வெட்டும்போது ரவுட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நகர வேண்டும். பிக்கப் குழி போன்ற உட்புறங்களில் கடிகாரத் திசையில் நகர வேண்டும். திசை மாறினால் பிட் மரத்தைக் கவ்வி, ரவுட்டரைக் கையிலிருந்து இழுத்துக்கொண்டு ஓடும். கொம்பு நுனிகளில் கடைசி அரை மில்லிமீட்டரை ரவுட்டருக்கு விடாமல் உப்புத்தாளால் எடுப்பது நல்லது.

*648 மி.மீ. தந்தி நீளத்துக்குக் கழுத்துச் செய்தேன். நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் தங்கும் துண்டு) 12-வது ஃப்ரெட் 324-க்குப் பதில் 326-இல் நிற்கிறது. விரல்பலகையைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?*
– கெப்போங் வாசகர்

அவசரப்படாதீர்கள், பலகை பிழைக்க வாய்ப்பிருக்கிறது. முதலில் காரணம். ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அதற்கு முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்திருப்பீர்கள். பென்சில் கோட்டின் தடிமனால் ஒவ்வொரு தடவையும் 0.15 மி.மீ. கூடினாலே 12-வதுக்கு வரும்போது ஏறத்தாழ 2 மி.மீ. சேர்ந்துவிடும். எஃகு அளவுகோலை நட்டின் விளிம்பில் ஒருமுறை பொருத்திவிட்டு, அசைக்காமல், எல்லா ஃப்ரெட்டையும் நட்டிலிருந்தே குறிக்க வேண்டும். பென்சிலுக்குப் பதில் கத்தி முனையால் கீறுங்கள். 648-க்கான அளவுகளில் சில: 1-வது ஃப்ரெட் 36.37, 2-வது 70.70, 3-வது 103.10, 5-வது 162.55, 7-வது 215.51, 12-வது 324.00.

இப்போது உங்கள் பலகை. 12-வது ஃப்ரெட் தந்தி நீளத்தின் சரிபாதி. அது 326 என்றால் உங்கள் கையில் இருப்பது 652 மி.மீ. கிட்டாராக இருக்கலாம். 652-ஐ 0.2508-ஆல் பெருக்கினால் 5-வது ஃப்ரெட், 0.3326-ஆல் பெருக்கினால் 7-வது. அதாவது 163.5, 216.9. உங்கள் ஃப்ரெட்கள் இந்த இடங்களில் 0.2 மி.மீ.-க்குள் இருந்தால் எல்லாமே ஒரே விகிதத்தில் நீண்டிருக்கின்றன என்று அர்த்தம். பிரிட்ஜை 652-க்கு வைத்தால் சுருதி சுத்தமாக நிற்கும்.

விகிதம் ஒத்துவரவில்லை, சில ஃப்ரெட்கள் மட்டும் விலகியிருக்கின்றன என்றால், அந்தக் காடிகளில் அதே மரத்தின் மெல்லிய தகட்டைப் பசையோடு செருகி, காய்ந்ததும் சமப்படுத்தி மறுபடி அறுங்கள். ‘1 மி.மீ.-தானே’ என்று விட வேண்டாம். 12-வது ஃப்ரெட்டில் 1 மி.மீ. விலகல் 5 சென்ட் சுருதி (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). 20-வதில் அதே 1 மி.மீ. 8 சென்ட்டுக்கு மேல். காது கண்டுபிடித்துவிடும்.

பிரிட்ஜுக்குத் துளை போடும் முன் மெல்லிய ஈ தந்தியின் சேடிலை (பிரிட்ஜில் தந்தி அமரும், நகர்த்தக்கூடிய துண்டு) ஏறக்குறைய முழுதும் முன்னால் தள்ளி, அது சரியாக 652-இல் நிற்கும்படி பிரிட்ஜை வையுங்கள். பின்பக்கம் குறைந்தது 6 மி.மீ. நகர இடம் இருக்க வேண்டும், தடித்த ஈ தந்திக்கு அது தேவைப்படும். இரண்டு ஓரத் தந்திகளின் இடத்திலும் நூல் கட்டி, விரல்பலகையின் இரு ஓரத்திலும் சம இடைவெளி விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் துளை.

*12-வது ஃப்ரெட்டில் இன்டொனேஷன் (அழுத்தும்போது வரும் சுருதியின் துல்லியம்) சரியாக இருக்கிறது. ஆனாலும் ஈ, ஏ, எஃப் கார்டுகள் அபஸ்வரமாக ஒலிக்கின்றன.*
– செராஸ் வாசகர்

நட்டின் காடிகள் உயரமாக இருக்கின்றன. முதல் இரண்டு மூன்று ஃப்ரெட்களில் அழுத்தும்போது தந்தி அதிகமாக இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. பிரிட்ஜை எவ்வளவு நகர்த்தினாலும் இது தீராது.

தந்தியை 3-வது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு 1-வது ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி, அதாவது 0.1 மி.மீ. அளவே இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் காடியை அரம் போடுங்கள். நட் அரம் வாங்க முடியாதவர்களுக்கு, வெல்டிங் முனையைச் சுத்தம் செய்யும் கம்பிக் கட்டு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். 0.010 அங்குலத் தந்திக்கு அதைவிடச் சற்றே தடித்த கம்பி. இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை தந்தியை ஏற்றிச் சுருதி சேர்த்துப் பாருங்கள்.

காடி ட்யூனர் பக்கம் சரிய வேண்டும், தந்தி நட்டின் முன் விளிம்பில் ஏறி நிற்க வேண்டும். தலைகீழாகச் சரிந்தால் தம்பூராவில் ஜீவா நூல் வைத்ததுபோல் ‘ங்ங்’ என்று இரையும். தம்பூராவுக்கு அது அழகு, இங்கே கோளாறு. ஆழம் அதிகமாகிவிட்டால் எலும்பு நட்டைத் தேய்த்த தூளைக் காடியில் நிரப்பி, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு, இறுகியதும் மறுபடி வெட்டலாம்.

*ஆம்ப்ளிஃபயரில் செருகினால் ‘ஹம்’ சத்தம் தாங்கவில்லை. சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் மூன்று போட்டிருக்கிறேன்.*
– பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

முதலில் தந்திகளைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் சத்தம் குறைந்தால் வயரிங் சரி, குழிகளுக்கு உலோக உறை போடுவதுதான் பாக்கி. தொட்டாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்தால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் விட்டிருக்கிறது. தொட்டால் கூடுகிறது என்றால் ஜாக்கில் இரண்டு ஒயரும் மாறியிருக்கலாம். தொடும்போது லேசாகச் சுறுசுறுவென்று ஷாக் அடித்தால் வாசிப்பதை அங்கேயே நிறுத்துங்கள். பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று பதிவுபெற்ற வயர்மேனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் காலில்லாத அடாப்டரை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள்.

உறைக்குச் செம்பு டேப் போதும். குழியின் தரை, சுவர் எல்லாவற்றையும் மூடி, டேப்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் ஒரு பொட்டு ஈயம் வையுங்கள். மல்டிமீட்டரில் மூலைக்கு மூலை 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். பிறகு உறையை வால்யூம் ‘பாட்’டின் (பொட்டென்ஷியோமீட்டர், அதாவது ஒலியளவைத் திருகும் பாகம்) முதுகோடு இணையுங்கள். பாட்டின் முதுகை முதலில் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, 40 முதல் 60 வாட் சோல்டரிங் அயர்னால் சில வினாடிகளில் வேலையை முடியுங்கள். சின்ன அயர்னை வைத்து நெடுநேரம் சூடாக்கினால் உள்ளே கார்பன் தடம் கெட்டுவிடும். செம்பு டேப்பும் 250 கே பாட்டும் 0.047 மைக்ரோஃபேரட் கபாசிட்டரும் புடு ஜாலான் பாசாரில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடலாம். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) என்றால் 500 கே, 0.022.

இதற்குப் பிறகும் கொஞ்சம் சத்தம் மிஞ்சும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைச் செம்பு தடுக்காது, சிங்கிள் காயிலின் இயல்பு அது. நடு பிக்கப்பை எதிர்ச்சுற்றும் எதிர்க் காந்தமுமாக வாங்கிப் போட்டால் 2, 4-வது சுவிட்ச் நிலைகளில் அந்த ஹம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

*நைட்ரோ லேக்கர் அடித்த சில நிமிடத்தில் பால்போல வெள்ளையாகிவிடுகிறது.*
– பாயான் லெப்பாஸ் வாசகர்

தின்னர் ஆவியாகும்போது மரப்பரப்பு குளிர்கிறது. காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து லேக்கருக்குள் சிக்கிக்கொள்கிறது. மழைக்கு முன்னும் பின்னும் அடிக்கவே கூடாது. வெயில் ஏறிய நண்பகலில், ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நேரம் பார்த்து மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை 5 முதல் 10 சதவீதம் சேர்த்தால் ஈரம் வெளியேற நேரம் கிடைக்கும். ஏற்கெனவே வெளுத்த பாடியைச் சுரண்ட வேண்டாம். காய்ந்த நாளில் ரிடார்டர் கலந்த தின்னரை மெல்லிசாக ஒருமுறை அடித்தால் வெள்ளை கரைந்துவிடும். பாலிஷ் போடும் முன் மூன்று நான்கு வாரம் விடுங்கள்.

டூ-பேக் பாலியூரிதேனை வீட்டில் அடிக்க வேண்டாம். அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. டங் எண்ணெய் துணியால் பூசினால் போதும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகத் தீப்பற்றும். தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காயப்போட்டுவிட்டுப் பிறகு எறியுங்கள்.

*டிரஸ் ராடை எவ்வளவு திருகலாம்?*
– ஜிஞ்சாங் வாசகர்

ஒரு தடவைக்குக் கால் சுற்று. தந்திகள் முழுச் சுருதியில் இருக்க வேண்டும், ஏனென்றால் 10–46 தந்திக் கட்டு கழுத்தை ஏறத்தாழ 47 கிலோ விசையோடு இழுக்கிறது. 1-வது ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, 7-வதின் மேல் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி வரும்வரை சரிசெய்யுங்கள். திருகு இறுகி நின்றுவிட்டால் பலம் காட்டாதீர்கள்.

*ஏர்கான் அறைக்கு மாற்றியதிலிருந்து கழுத்தின் ஓரத்தில் ஃப்ரெட் முனைகள் கையைக் கீறுகின்றன.*
– பங்சார் வாசகர்

ஃப்ரெட் நீளவில்லை, விரல்பலகை காய்ந்து சுருங்கியிருக்கிறது. உடனே அரம் போடாதீர்கள். ஒரு மாதம் அந்த அறையிலேயே விட்டு, சுருங்குவது நின்ற பிறகு, முனைகளைக் கழுத்தோடு சமமாக அராவி, பின் 35 டிகிரி சாய்வில் மழுக்குங்கள். கழுத்தின் ஓரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு செய்தால் மரத்தில் கீறல் விழாது.