கறுப்பு ஷூ இரண்டு ஜோடி

போன இதழில், கோலால் பந்துகளை மேசையின் பாக்கெட்டில் தள்ளுகிற பூல் விளையாட்டின் ஒரு வகையான ஒன்பது பந்து ஆட்டத்தின் விதிகளைச் சொல்லும்போது, “உடைக்குத் தனி விதி இருக்கிறது” என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. 26 வருடம் பூல் மேசைக்கு அருகே நடுவராக நின்றவன் என்ற முறையில் எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது. அதனால் இந்த முறை உடை பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

*என் மகளுக்கு 17 வயது. முதல் தடவையாக ஒன்பது பந்து போட்டிக்குப் போகிறாள். அழைப்பில் “டிரஸ் கோட் கட்டாயம்” என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். என்ன வாங்கித் தருவது?*
– ஒரு தாய், கோயம்புத்தூர்

உடனே கடைக்குப் போகாதீர்கள். முதலில் போட்டி நடத்துபவர்களுக்குப் போன் செய்து அவர்களுடைய உடை விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். “கட்டாயம்” என்று போட்டுவிட்டு எது கட்டாயம் என்று சொல்லாமல் விடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

உலக பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதிமுறையில் உடைக்கென்று ஒரு பகுதி உண்டு. போட்டி நடத்துபவர்கள் வேறு எதுவும் அறிவிக்கவில்லை என்றால் அதுதான் செல்லும். ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை அல்லது போலோ சட்டை, எந்த நிறமானாலும் சரி. அதை பேன்டுக்குள் விட்டிருக்க வேண்டும். முழுநீள பேன்ட் வேண்டும். ஜீன்ஸ் எந்த நிறத்திலும் கூடாது. பெண்கள் சட்டை போடலாம், நேர்த்தியான மேலாடை போடலாம், பாவாடையும் அணியலாம். ஆனால் பாவாடை முழங்காலை மூட வேண்டும். டி-ஷர்ட் இருவருக்கும் கிடையாது. காலுக்கு, உடையோடு பொருந்துகிற ஷூ. செருப்பு, சாண்டல், ஓட்டப்பந்தய ஷூ வகையெல்லாம் கூடாது. மேல்பக்கம் தோலால் ஆன விளையாட்டு ஷூவை அனுமதிப்பதும் மறுப்பதும் போட்டி இயக்குநரின் முடிவு.

இது காகிதத்தில் உள்ளது. இனி மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். உடை, தலைமுடி, கோல் நுனியில் தேய்க்கக் கையில் வைத்திருக்கும் சாக் எது பந்தில் பட்டாலும் பொறுப்பு ஆடுபவருடையது. நடுவர் நிற்கிற ஆட்டத்தில், குனியும்போது சட்டை நுனி ஒரு பந்தை லேசாக உரசினாலும் ஃபவுல்தான். ஒன்பது பந்தில் ஃபவுல் என்றால் எதிராளி, கோலால் அடிக்கிற வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து, மேசையில் விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். நன்றாக ஆடுகிறவர் கையில் அது கிடைத்தால் அந்த ஆட்டம் அநேகமாக முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் மகளுக்கு உடம்போடு சேர்ந்து நிற்கிற சட்டையாகப் பாருங்கள். முக்கால் கையோ அரைக் கையோ போதும். முழுக்கை என்றால் மணிக்கட்டில் பட்டன் போட்டே ஆட வேண்டும். பின்னலை முன்னால் விழவிடாமல் கொண்டை போட்டுக்கொள்ளட்டும். கழுத்துச் சங்கிலி சட்டைக்குள் இருக்கட்டும். வளையல் வேண்டாம். பூ வைத்துக்கொள்வது அவள் விருப்பம். ஆனால் மல்லிகையில் ஒரு இதழ் மேசைத் துணியில் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்தித் துடைக்க வேண்டியிருக்கும், கவனம் கலையும். பேன்ட் இடுப்பிலும் தொடையிலும் இறுக்கமாக இருக்கக் கூடாது. எட்டாத பந்துக்கு ஒரு காலை மேசை மேல் தூக்கிப் போட்டாலும் மற்றக் கால் தரையில் இருந்தாக வேண்டும் என்பது விதி. இறுக்கமான பேன்டில் அப்படி நீட்டி ஆட முடியாது.

போட்டிக்கு முன்னால் அந்த உடையிலேயே நான்கைந்து நாள் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். புது ஷூவில் நின்றால் உயரம் அரை அங்குலம் மாறும். அந்த அரை அங்குலம் கண்ணுக்கும் கியூ கோலுக்கும் தெரியும்.

*நான் எங்கள் தெரு கிளப்பில் ஜீன்ஸ், டி-ஷர்ட்டில்தான் பூல் கற்றுக்கொண்டேன். போட்டியில் மட்டும் ஏன் பேங்க் மேனேஜர் மாதிரி வரச் சொல்கிறார்கள்? காலர் வைத்தால் பந்து தானாகப் பாக்கெட்டில் விழுமா?*
– கல்லூரி மாணவர், சென்னை

விழாது தம்பி. சட்டை இன் செய்வது மட்டும்தான் ஆட்டத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. காலரும் ஜீன்ஸும் ஆட்டத்தைத் தொடுவதில்லை. அவை வந்த கதை வேறு.

“பூல்” என்ற சொல்லே பந்தயத்திலிருந்து வந்தது. எல்லோரும் போடுகிற பணம் ஒன்றாகச் சேர்வதுதான் பூல். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் “பூல் ரூம்” என்றால் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டுகிற இடம். ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் நடுவே பொழுது போக அங்கே பில்லியர்ட்ஸ் மேசை போட்டார்கள். சூதாட்ட இடத்தின் பெயர் அந்த மேசைக்கும், அதில் ஆடிய ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. சிகரெட் புகை, சீட்டு, கடன், அடிதடி என்று ஒரு கெட்ட பெயர் நூறு வருடத்துக்கு மேல் கூடவே வந்தது. உங்கள் வீட்டிலும் “பூல் கிளப்புக்கா போகிறாய்?” என்று ஒரு மாதிரியாகக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என் அப்பா என்னோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தார்.

அந்தப் பெயரைத் துடைக்கப் பாடுபட்டவர்களில் பெரியவர் வில்லி மாஸ்கோனி. 1941 முதல் 1957 வரை 15 முறை உலகப் பட்டம் வென்றவர். 1954-இல் ஒஹாயோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், தவறவிடாமல் தொடர்ந்து 526 பந்துகளைப் பாக்கெட்டில் இறக்கினார். அவருடைய பழைய புகைப்படங்களைப் பாருங்கள்: கோட், டை, பளபளக்கும் ஷூ. பிலடெல்பியாவில் அப்பாவின் பூல் ஹாலில் வளர்ந்த மனிதர் அவர். இந்த ஆட்டத்தை வெளியே எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இன்று தொலைக்காட்சி இந்த ஆட்டத்துக்கு வந்திருக்கிறது, ஸ்பான்சர் வந்திருக்கிறது, பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து விடுகிறார்கள் என்றால் அதில் அந்தத் தலைமுறையின் பங்கு பெரிது.

ஜீன்ஸ் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் கொஞ்சம் நிற்கிறேன். கிழியாத, கருநீல ஜீன்ஸ் இன்று அலுவலகத்துக்கே போட்டுப் போகிற உடை. அதை உள்ளூர்ப் போட்டிகளில் அனுமதிக்கலாம் என்று நான் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன், தோற்றும் இருக்கிறேன். டி-ஷர்ட் விஷயத்தில் என் மனம் மாறவில்லை. எதிரே நிற்பவர் இந்த ஆட்டத்துக்காக மூன்று மாதம் உழைத்துவிட்டு வந்திருக்கிறார். உங்களுக்கும் அது முக்கியமான நாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

*என்னிடம் இருப்பது ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ மட்டும்தான். நுழைவுக் கட்டணத்துக்கே கடன் வாங்கினேன். ஷூவுக்காகத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?*
– வாசகர், திண்டுக்கல்

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேறு வேலை எதுவும் செய்ய முடியவில்லை.

நான் நடுவராகச் சேர்ந்த புதிது. ஒரு மாநில அளவிலான போட்டி, காலை 9 மணி ஆட்டம். இரவு முழுக்க பஸ்ஸில் வந்த பையன், 19 வயது இருக்கும். சட்டை இஸ்திரி போட்டது, பேன்ட் கறுப்பு, எல்லாம் சரியாக இருந்தது. காலில் மட்டும் கேன்வாஸ் ஷூ. அதையும் துவைத்து வெள்ளையாக வைத்திருந்தான். போட்டியை நடத்தியவர் பார்த்துவிட்டு, “இதோடு ஆட முடியாது, கால் மணி நேரத்தில் மாற்றிக்கொண்டு வா” என்றார். அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? பையன் வெளியே ஓடினான். 20 நிமிடம் கழித்து வாசல் வாட்ச்மேனின் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு அளவு பெரியது, நடந்தால் குதிகால் கழன்றது. அதற்குள் எதிராளிக்கு வெற்றி என்று எழுதியாகிவிட்டது. எழுதியது என் கை. பையன் எதுவும் பேசவில்லை. ஷூவை வாட்ச்மேனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வரை பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தான். அப்புறம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான்.

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. அசாதாரணமான சூழ்நிலையில் உடை விதியைத் தளர்த்தும் உரிமை போட்டி இயக்குநருக்கு உண்டு. விமானத்தில் பெட்டி வந்து சேராமல் போவது, உடல்நிலை சரியில்லாமல் இருப்பது ஆகியவற்றை உதாரணமாகவே உலக சங்கத்தின் விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். விமானத்தில் பெட்டி தொலைத்தவருக்கு இரக்கம் காட்டலாம் என்றால், பெட்டியே இல்லாமல் பஸ்ஸில் வந்தவருக்கும் காட்டலாம். அன்று எனக்கு அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரமே 8-ஆம் அளவிலும் 9-ஆம் அளவிலும் இரண்டு ஜோடி கறுப்பு ஷூ வாங்கி என் பையில் வைத்தேன். ஓய்வு பெறும்வரை எல்லாப் போட்டிக்கும் அந்தப் பை என்னோடு வந்தது. ஏழெட்டுப் பேர் அவற்றைப் போட்டு ஆடியிருக்கிறார்கள். ஒரு பெண் பாலிஷ் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இன்றைக்கே போட்டி இயக்குநரிடம் பேசுங்கள். உடையில் சந்தேகம் இருந்தால் ஆட்டத்துக்கு முன்பே இயக்குநரைக் கேட்க வேண்டும் என்று விதியே சொல்கிறது, அதனால் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அவர் மறுத்தால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு உங்கள் கால் அளவை எழுதுங்கள். போட்டி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பதிவு மேசைக்கு அடியில் இரண்டு ஜோடி ஷூ வையுங்கள். பெரிய செலவில்லை.

*ஸ்னூக்கரில் வெயிஸ்ட்கோட், போ டை எல்லாம் இன்னும் எதற்கு? பூலுக்கும் அது வருமா?*
– வாசகர், கொழும்பு

பூலைப் போலவே மேசையில் கியூ கோலால் ஆடுகிற ஸ்னூக்கர் பிறந்த இடத்தைப் பார்த்தால் விடை பாதி கிடைத்துவிடும். 1875-இல் ஜபல்பூரில், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி தொடங்கிவைத்த ஆட்டம் அது. பிறகு நம் ஊட்டி கிளப்பில் விதிகளை எழுதிச் சுவரில் மாட்டினார்கள். இரவு விருந்துக்கு உடுத்துகிறவர்கள் ஆடிய ஆட்டம், அந்த உடையிலேயே தங்கிவிட்டது. வெயிஸ்ட்கோட்டால் ஒரு நன்மையும் உண்டு: சட்டை தொங்கிப் பந்தில் படாது.

ஆனால் அங்கேயும் மனிதர்களுக்காக வளைந்து கொடுத்திருக்கிறார்கள். 2015 உலகப் போட்டியில், ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கில் ரானி ஓ’சல்லிவன் கணுக்கால் வலி தாங்காமல் ஷூவைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் வெறும் சாக்ஸோடு ஆடினார். பிறகு இன்னொருவரின் ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆட்டத்தை முடித்தார். அதற்குள் உலகப் பட்டத்தை ஐந்து முறை வென்றிருந்தவருக்கும் ஷூ தேவைப்பட்டது, யாரோ ஒருவர் கொடுத்தார். திண்டுக்கல் வாசகருக்கும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பூலுக்கு போ டை வேண்டாம் என்பது என் எண்ணம். ஸ்னூக்கரிலேயே, ஒரே ஃபிரேமில், அதாவது ஒரே சுற்றில், 10 நிமிடத்துக்குள் முடிகிற ஷூட் அவுட் போட்டியில் போலோ சட்டையோடுதான் ஆடுகிறார்கள்.

*கையுறை, ஹெட்ஃபோன் போடலாமா?*
– வாசகர், பினாங்கு

மூன்று விரல் கையுறை சாதாரணமாக எல்லோரும் போடுவது. நம் ஊர்ப் புழுக்கத்தில், கோல் வழுக்கிச் செல்லக் கையில் பூசுகிற பவுடரைவிட அது எவ்வளவோ மேல், மேசைத் துணி அழுக்காகாது. அமெரிக்காவின் ஏர்ல் ஸ்ட்ரிக்லேண்ட் விரல்களுக்கு நீட்டிப்பு, கையில் எடைப் பட்டை, காதில் ஹெட்ஃபோன் என்று எல்லாவற்றோடும் ஆடியவர். யூ.எஸ். ஓப்பன் ஒன்பது பந்துப் பட்டத்தை ஐந்து முறை வென்றவர். ஹெட்ஃபோன் விதி போட்டிக்குப் போட்டி மாறும், கேட்டுவிட்டுப் போங்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். நடுவர் சொல்வது காதில் விழ வேண்டும்.

*எனக்கு 54 வயது. சட்டையை இன் செய்தால் வயிறு தெரிகிறது. கூச்சமாக இருப்பதால் இரண்டு வருடமாகப் போட்டிக்கே போகவில்லை.*
– வாசகர், திருச்சி

இரண்டு வருடம் வீணாகிவிட்டதே! மேசைக்கு அருகே உங்களைப் பார்க்கிற யாரும் வயிற்றைப் பார்ப்பதில்லை, அடுத்து எந்தப் பந்து என்றுதான் பார்க்கிறார்கள். விதியை மாற்ற முடியாது, சட்டையை மாற்றலாம். ரெடிமேட் வேண்டாம், துணி எடுத்துத் தையுங்கள். அடர்ந்த நிறம், கொஞ்சம் கனமான பருத்தி. முன்பக்கம் பை வேண்டாம் என்று சொல்லுங்கள், குனியும்போது பேனாவும் மூக்குக்கண்ணாடியும் மேசையில் விழுகின்றன. பின்பக்க நீளத்தை மட்டும் வழக்கத்தைவிட 3 அங்குலம் கூட்டி விடச் சொல்லுங்கள். எவ்வளவு குனிந்தாலும் வெளியே வராது.