குஸ்கோவில் ஒரு நாளைக்கு 40 டாலர் போதுமா?

கேள்வி: தோழியும் நானும் செப்டம்பரில் பெருவின் குஸ்கோ நகரில் எட்டு நாள் தங்கப்போகிறோம். இருவரும் சைவம். தங்குவது, சாப்பாடு, சுற்றிப்பார்ப்பது எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஒரு நாளைக்கு 40 டாலர் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். போதுமா? பணத்தை ரொக்கமாகக் கொண்டுபோவதா, கார்டை நம்புவதா?

பதில்: ஊருக்குள் கழிக்கும் சாதாரண நாளுக்கு 40 டாலர் போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். ஆனால் எட்டு நாளுக்கும் சேர்த்து 320 டாலரோடு இறங்கினால் போதாது. குஸ்கோவில் வாழ்வது மலிவு. அதைச் சுற்றியுள்ள பழைய இன்கா பேரரசின் கட்டடங்களைப் பார்ப்பதுதான் செலவு. இரண்டையும் ஒரே சராசரிக்குள் போட்டால் கணக்கு உதைக்கும். அதனால் பணத்தை முதலிலேயே இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: தினப்படிக்கு ஒன்று, நுழைவுச்சீட்டுக்கும் மலைமேல் உள்ள இன்கா நகரமான மாச்சு பிச்சுவுக்கும் இன்னொன்று.

பெருவின் நாணயம் சோல். ஒரு டாலருக்கு மூன்றரை சோல் என்று வைத்துப் பேசுகிறேன். உங்கள் 40 டாலர் அப்போது 140 சோல். கீழே உள்ள விலைகள் தோராயமானவை, சீசனைப் பொறுத்துக் கூடும் குறையும். ஜூன் 24 இன்தி ராய்மி திருவிழாவை ஒட்டியும் ஜூலை, ஆகஸ்டிலும் அறை வாடகை ஏறிவிடும். செப்டம்பர் நல்ல தேர்வு. மழைக்காலம் தொடங்கியிருக்காது, கூட்டமும் சற்றுக் குறையும்.

தங்குமிடத்தில் தொடங்குவோம். பலர் சேர்ந்து தங்கும் ஹாஸ்டல் அறையில் ஒரு கட்டில் 35 முதல் 60 சோல் வரை. நீங்கள் இருவர் என்பதால் எளிய தனியறையையே 90 சோலுக்குப் பிடித்துவிடலாம், தலைக்கு 45தான் ஆகும். சான் பிளாஸ் பகுதி அழகானது, ஆனால் முழுக்க ஏற்றமும் படிக்கட்டும். குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறினால் மூச்சு வாங்கிவிடும். சான் பெத்ரோ சந்தைப் பக்கம் சமதளம், வாடகையும் குறைவு. இந்த விலையில் அறைக்கு ஹீட்டர் இருக்காது. செப்டம்பர் இரவில் குளிர் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் என்பதால் போர்வை கூடுதலாகத் தருவார்களா, வெந்நீர் எல்லா நேரமும் வருமா என்ற இரண்டையும் பதிவு செய்யும் முன் கேட்டுவிடுங்கள். இன்னொன்று: பெருவில் வசிக்காத வெளிநாட்டுப் பயணி பாஸ்போர்ட்டைக் காட்டினால், பதிவுபெற்ற தங்குமிடங்களில் 18 சதவீத வரி கிடையாது. சொன்ன விலை வரியோடா, வரியில்லாமலா என்று கேட்டால் சில சமயம் தொகை குறையும்.

இனி சாப்பாடு. நீங்கள் சைவம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெருவில் மதியச் சாப்பாடு என்றால் ‘மெனு’. ஒரு சூப், ஒரு முக்கிய உணவு, ஒரு குவளை பானம், எல்லாம் சேர்த்து 10 முதல் 15 சோல். பிளாசா தே அர்மாஸ் சதுக்கத்தைப் பார்த்த மாடிகளில் உட்கார்ந்தால் இதே சாப்பாடு மூன்று மடங்கு ஆகும், இரண்டு தெரு தள்ளிப் போனால் விலை இறங்கிவிடும். சைவம் என்று சொல்ல ‘சின் கார்னே’ மட்டும் போதாது. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சிதான் வேண்டாம்போல என்று எண்ணிக் கோழியைக் கொண்டுவந்து வைப்பார்கள். ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ’ என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் அடுக்கிச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னாலும் சூப்பில் ஒரு வில்லங்கம் உண்டு: பார்வைக்குக் காய்கறியும் கினோவா தானியமும் மட்டும் தெரியும், அடியில் எலும்பு வேகவைத்த சாறாக இருக்கும். அதில் நீங்கள் கண்டிப்பானவர்கள் என்றால் சூப்பை விட்டுவிடுங்கள், அல்லது சைவ உணவகத்துக்குப் போங்கள். குஸ்கோவில் அவை நிறையவே உண்டு. 15 சோலுக்கு மெனு போடும் சின்னக் கடைகள் சந்துகளுக்குள் இருக்கின்றன.

சான் பெத்ரோ சந்தையில் காலை உணவை முடித்துக்கொள்வது நல்லது. பழச்சாறு கடைகள் வரிசையாக இருக்கும். 8, 10 சோலுக்குப் பெரிய குவளை, குடித்து முடித்ததும் மிக்ஸியில் மீதி இருப்பதைக் கொசுறாக ஊற்றுவார்கள். பக்கத்திலேயே ரொட்டிக்குள் அவகாடோ வைத்துத் தருவார்கள், அங்கே அதன் பெயர் பால்தா. தெருவோரத்தில் ‘சோக்லோ கோன் கேசோ’ கிடைக்கும்: நம் சோளத்தைவிடப் பல மடங்கு பெரிய மணிகளோடு அவித்த கதிர், ஒரு துண்டு பாற்கட்டி. மாலைப் பசிக்கு அது போதும். ‘பாப்பா அ லா வான்கைனா’ என்பது அவித்த உருளைக்கிழங்கின் மேல் மஞ்சள் மிளகாயும் பாற்கட்டியும் அரைத்த குழம்பு. குஸ்கோவுக்கே உரிய ‘கப்சி’ இன்னும் நல்லது. மொச்சை போன்ற ஃபாவா பயறு, உருளை, பால், பாற்கட்டி போட்டுச் செய்வது. என்னைக் கேட்டால் பட்டியலில் அதைப் பார்த்த இடத்தில் உட்கார்ந்துவிடலாம். இரவுக்கு ‘சிஃபா’ எனப்படும் பெருவியச் சீன உணவகங்களில் காய்கறி ஃபிரைட் ரைஸ் 15, 20 சோலுக்கு வயிறு நிறையக் கிடைக்கும். மேசையில் இருக்கும் ‘அஹி’ மிளகாய்ச் சட்னியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் நம் நாக்குக்கு எல்லாமே சப்பென்று இருக்கும். அதே சமயம் ‘ரொகோத்தோ ரெயேனோ’ என்ற அழகான சிவப்பு மிளகாயைப் பார்த்து ஏமாறாதீர்கள், உள்ளே கொத்துக்கறி.

ஹாஸ்டல் சமையலறையில் பருப்புச் சாதம் செய்து காசு மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தால், அந்த உயரத்தில் தண்ணீர் 88, 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேக யுகமாகும். பாஸ்தா, உப்புமா வகைகள் சரி. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். சிறு பாட்டிலாக வாங்காமல் பெரிய கேனாக வாங்கி இருவரும் பங்கிட்டுக்கொண்டால் நாளுக்கு இரண்டு மூன்று சோலில் முடியும்.

ஊருக்குள் பெரும்பாலும் நடைதான். பேருந்து ஒரு சோலை ஒட்டி. டாக்சியில் மீட்டர் கிடையாது. ஏறும் முன் பேசிக்கொள்ள வேண்டும், ஊருக்குள் 7 முதல் 10 சோல். விமான நிலையம் ஊரைவிட்டுத் தள்ளியெல்லாம் இல்லை, 15, 20 நிமிடத்தில் மையத்துக்கு வந்துவிடலாம். அதனால் வாசலில் 40, 50 கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஆக ஒரு சாதாரண நாள்: அறை 45, காலை 10, மதியம் 15, இரவு 20, தண்ணீரும் டீயும் 6, வண்டி 8, துணி துவைக்க, கழிப்பறைக்கு, சில்லறைக்கு 10. மொத்தம் 114 சோல், அதாவது 33 டாலருக்குச் சற்று குறைவு. இதுவரை உங்கள் கணக்கு சரி.

இப்போது இரண்டாவது பொட்டலம். ‘பொலேத்தோ துரிஸ்திகோ’ என்ற கூட்டு நுழைவுச்சீட்டு வெளிநாட்டவருக்கு 130 சோல், 10 நாள் செல்லும். சக்சைவமான் கோட்டை, ‘புனிதப் பள்ளத்தாக்கு’ எனப்படும் பகுதியில் உள்ள பிசாக், ஒயாந்தாய்தம்போ, சின்சேரோ, மொராய் உட்பட 16 இடங்கள் அதில் அடக்கம். 70 சோலுக்குப் பகுதிச் சீட்டும் உண்டு, ஆனால் அது ஒரு தொகுதி இடங்களுக்குத்தான், ஒன்றிரண்டு நாள்தான் செல்லும். ஊரை ஒட்டிய கோட்டையும் பள்ளத்தாக்கும் இரண்டும் பார்ப்பதென்றால் முழுச்சீட்டுதான் லாபம். கதீட்ரல், கோரிகாஞ்சா சூரியக் கோயில், மராஸ் உப்பளம் மூன்றும் இதில் சேராது, தனித்தனியே கட்ட வேண்டும். 25 வயதுக்குள் இருந்து சர்வதேச மாணவர் அட்டை வைத்திருந்தால் முழுச்சீட்டே 70 சோல். இந்த இடங்களுக்குச் சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் போகாமல் ‘கொலெக்டிவோ’ என்ற பங்கு வேனில் போனால் பள்ளத்தாக்குப் பயணம் முழுவதும் 60 சோலுக்குள் முடியும். ஒயாந்தாய்தம்போவுக்கு பவித்தோஸ் தெருவில் ஏற வேண்டும், வண்டி நிறைந்ததும் கிளம்பும்.

மாச்சு பிச்சுதான் உங்கள் கணக்கைக் கவிழ்ப்பது. நுழைவுச்சீட்டு 152 சோல், வைனா பிச்சு மலையும் சேர்த்தால் 200. அங்கே சாலை வழியாக நேராகப் போக முடியாது. ரயிலென்றால் ஒயாந்தாய்தம்போவிலிருந்து மாச்சு பிச்சுவின் அடிவார ஊரான அகுவாஸ் கலியென்டேஸ் வரை போக ஒரு பக்கம் 60 டாலரை ஒட்டி, நேரத்தைப் பொறுத்து அதற்கு மேலும் போகும். உள்ளூர்க்காரர்களுக்கென்று மலிவு ரயில் ஒன்று ஓடுகிறது, அதில் நம்மை ஏற்ற மாட்டார்கள். அங்கிருந்து மேலே போகும் பேருந்து போக 12, வர 12 டாலர். ரயில் கட்டணம் சற்றுக் கூடும் என்று வைத்து எல்லாம் கூட்டினால் தலைக்கு 690 சோல் பக்கம் வந்துவிடும். ஆறு சாதாரண நாளின் செலவு.

இன்னொரு வழி, நீர்மின் நிலையம் இருக்கும் இத்ரோஎலெக்த்ரிகா. குஸ்கோவிலிருந்து மலைப்பாதையில் ஆறேழு மணி நேரம் வேன், பிறகு தண்டவாளத்தை ஒட்டிப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் சமதள நடை, மூன்று மணி நேரத்தில் அகுவாஸ் கலியென்டேஸ். போகவர வேன் 80 சோல் அளவில் கிடைக்கும். மேலே ஏறப் பேருந்துக்குப் பதில் படிக்கட்டு, ஒன்றரை மணி நேரம். நுழைவுச்சீட்டோடு 232 சோலில் முடிகிறது. வளைவுப் பாதையில் வாந்தி வருபவர்களுக்கு இது சித்திரவதை, மழைக்காலத்தில் மண்சரிவு அபாயமும் உண்டு. செப்டம்பரில் போகலாம். எப்படியும் அங்கே ஓர் இரவாவது தங்க வேண்டிவரும், இரண்டென்றால் உடம்புக்கு நல்லது. ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் வேன் என்று கலந்தும் செய்யலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

நுழைவுச்சீட்டை பெருவின் கலாச்சார அமைச்சக இணையதளத்தில் இப்போதே எடுத்துவிடுங்கள். உள்ளே மூன்று சுற்றுப்பாதைகள், ஒன்றுக்கு எடுத்த சீட்டில் இன்னொன்றில் போக முடியாது. மேலிருந்து பார்க்கும் காட்சியும் ஊருக்குள் நடப்பதும் இரண்டும் வேண்டுமென்றால் இரண்டாவது பாதை. அதுதான் முதலில் தீரும். சீட்டில் உள்ள பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும்.

மொத்தக் கணக்கு இது. எட்டு நாள் தினப்படி 912, கூட்டுச்சீட்டு 130, பள்ளத்தாக்கு வண்டி 60. இதோடு வேன் வழி மாச்சு பிச்சு சேர்த்தால் 1,334 சோல், நாளுக்கு 48 டாலர். ரயில் வழியென்றால் 1,792 சோல், நாளுக்கு 64 டாலர். கைக்காவலுக்கு இன்னொரு 150 சோல் வைத்துக்கொள்ளுங்கள்.

வானவில் மலை என்கிற வினிகுன்காவை நான் சேர்க்கவில்லை. வேன் செலவு 100 சோலுக்குள்தான், நுழைவு தனி. ஆனால் அது 5,000 மீட்டருக்கு மேலே. போவதானால் கடைசி இரண்டு நாளில் போங்கள். உயரம் இங்கே உடம்பை மட்டுமல்ல, பர்ஸையும் பாதிக்கும். முதல் நாளே ஆடி ஓடி, தலைவலியில் இரண்டு நாள் படுத்தால் வாங்கிய சீட்டுகள் வீண். இதற்கு ஒரு எளிய உபாயம் உண்டு. விமானத்திலிருந்து இறங்கியதும் குஸ்கோவில் தங்காமல் நேரே 2,800 மீட்டரில் உள்ள ஒயாந்தாய்தம்போவுக்குப் போய்விடுங்கள். கூட்டுச்சீட்டை அங்கேயே வாங்கிப் பள்ளத்தாக்கைப் பாருங்கள், அதைவிடத் தாழ்வான மாச்சு பிச்சுவை முடித்துவிட்டுக் குஸ்கோவுக்கு ஏறி வாருங்கள். பழகிய உடம்போடு வருவீர்கள், ஒரு தடவை போகவர வண்டிச் செலவும் மிச்சம். உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்று கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கோக்கா இலைத் தேநீர் அங்கே எல்லா விடுதியிலும் கிடைக்கும், சட்டப்படி தடையில்லை. குடித்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு பொட்டலம்கூடப் பெட்டியில் வைத்து வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்தியாவிலும் வேறு பல நாடுகளிலும் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது.

கடைசியாக ரொக்கமா கார்டா என்ற கேள்வி. ரயிலுக்கும் மாச்சு பிச்சு சீட்டுக்கும் இணையத்தில் கார்டு. சந்தை, மெனு கடை, கொலெக்டிவோ, கூட்டுச்சீட்டு எல்லாவற்றுக்கும் சோலாகக் கையில் இருக்க வேண்டும். ஏ.டி.எம். ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் பிடிக்கும், ஒரு முறைக்கு எடுக்கும் தொகைக்கும் உச்சவரம்பு வைத்திருக்கும். அதனால் அவ்வப்போது நூறு நூறாக எடுப்பது நஷ்டம். திரையில் உங்கள் நாட்டு நாணயத்துக்கு மாற்றித் தரவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். 200 டாலர் வரை ரொக்கமாகவும் வைத்துக்கொள்ளுங்கள், அவெனிதா எல் சோல் சாலையில் மாற்றும் கடைகள் வரிசையாக உண்டு. நோட்டு புத்தம்புதிதாக இருக்க வேண்டும். ஓரத்தில் சின்னக் கிழிசல் இருந்தாலே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மாற்றும்போது 100, 200 சோல் நோட்டாக வாங்காமல் 10, 20 ஆகக் கேட்டு வாங்குங்கள், காலையில் சாறு விற்கும் அம்மாவிடம் நூறுக்குச் சில்லறை இருக்காது.