ஒரே லேப்டாப்பில் பல சர்வர்கள்: கேள்வி பதில்

முன்பக்கத்துக்கு ஒரு சர்வர், அது கேட்கும் தகவலைத் தரும் ஏபிஐ ஒன்று, பின்னணி வேலைக்கு ஒரு வொர்க்கர், அதோடு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், தகவலை மெமரியில் வைத்து வேகமாகத் தரும் ரெடிஸ். இப்படிப் பிரிந்து ஓடும் வெப் சேவையைச் சொந்த லேப்டாப்பில் எழுப்புவது பற்றி வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களில் பெரும்பாலோர் டாக்கர் கம்போஸ் பயன்படுத்துகிறவர்கள் என்பதால் பதில்களும் அதை ஒட்டியே இருக்கும். டாக்கர் ஒவ்வொரு சர்வீஸையும் கன்டெய்னர் என்ற தனி அடைப்புக்குள் ஓட்டும்; கம்போஸ், ஒரே ஃபைலில் எழுதிய பல கன்டெய்னர்களைச் சேர்த்து எழுப்பும்.

கேள்வி: டாக்கர் கட்டாயமா? எல்லாத்தையும் நேரடியா இன்ஸ்டால் பண்ணிட்டா ஆகாதா?

ஒரே ஒரு ப்ராஜெக்ட் என்றால் ஆகும். அடுத்த ப்ராஜெக்ட் வேறொரு போஸ்ட்கிரெஸ் வெர்ஷன் கேட்கும் வரைக்கும்தான். நான் இரண்டையும் கலந்தே வைத்துக்கொள்கிறேன்: டேட்டாபேஸ், ரெடிஸ், க்யூ என்று நாம் கோடு எழுதாதவை எல்லாம் கன்டெய்னரில், இன்று கை வைக்கப் போகும் சர்வீஸ் மட்டும் வெளியே, நேரடியாக. டீபக்கர் இணைப்பதும் சுலபம், ஃபைலைச் சேமித்த உடனே மாற்றமும் தெரியும்.

கேள்வி: ஏபிஐ கன்டெய்னர்லேர்ந்து டேட்டாபேஸுக்கு லோக்கல்ஹோஸ்ட் 5433 கொடுத்தா 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு'. அதே முகவரி என் டெர்மினல்ல நல்லா வேலை செய்யுது. எங்கே தப்பு?

புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இது. கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர்தான். உங்கள் லேப்டாப் அல்ல. ஏபிஐ தன்னிடமே டேட்டாபேஸைத் தேடுகிறது, அங்கே ஒன்றும் இல்லை. கம்போஸ் ஃபைலில் அந்தச் சர்வீஸுக்கு என்ன பெயர் வைத்தீர்களோ, அதுவே ஹோஸ்ட் பெயர். 'டிபி' என்று வைத்திருந்தால் 'டிபி' என்றே கூப்பிடுங்கள்.

போர்ட்டையும் மாற்ற வேண்டும். 5433:5432 என்று எழுதியிருப்பீர்கள். இடப்பக்கம் லேப்டாப்பில் திறக்கும் போர்ட், வலப்பக்கம் கன்டெய்னருக்குள் இருப்பது. கன்டெய்னர்கள் தங்களுக்குள் பேசும்போது வலப்பக்க எண்தான் செல்லும், அதாவது 5432.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. வொர்க்கர் கன்டெய்னரில், ஏபிஐ வெளியே நேரடியாக ஓடுகிறது என்றால் வொர்க்கர் 'ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல்' என்ற பெயரில் அதை அழைக்கலாம். டாக்கர் டெஸ்க்டாப்பில் இது தானாகவே கிடைக்கும். லினக்ஸில் நேரடி டாக்கர் எஞ்சின் என்றால் எக்ஸ்ட்ரா ஹோஸ்ட்ஸ் பகுதியில் அந்தப் பெயரை 'ஹோஸ்ட்-கேட்வே'யோடு சேர்த்து எழுத வேண்டும்.

கையோடு இன்னொன்றும் செய்துவிடுங்கள். வெறுமனே 5433:5432 என்று எழுதினால், லேப்டாப்பின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் அந்தப் போர்ட் திறக்கும். லினக்ஸில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருந்தாலும் டாக்கர் தன் விதிகளால் அதைத் தாண்டிவிடும். பொது வைஃபையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் 127.0.0.1:5433:5432 என்று எழுதுவதே நல்லது.

கேள்வி: டிபென்ட்ஸ்-ஆன் போட்டும் ஏபிஐ முதல் தடவை விழுந்துடுது. ரெண்டாவது தடவை ஸ்டார்ட் பண்ணினா ஓடுது.

எந்தச் சர்வீஸ் எதற்குப் பின் கிளம்ப வேண்டும் என்று சொல்வது டிபென்ட்ஸ்-ஆன். அது தனியாக இருந்தால், டேட்டாபேஸ் கன்டெய்னர் கிளம்பியதா என்று மட்டுமே பார்க்கும். உள்ளே போஸ்ட்கிரெஸ் கனெக்ஷன் வாங்கத் தயாரா என்று பார்க்காது. டேட்டாபேஸுக்கு ஹெல்த்செக், அதாவது தயாரா என்று அவ்வப்போது கேட்கும் கட்டளை, எழுதி, டிபென்ட்ஸ்-ஆனில் கண்டிஷனை 'சர்வீஸ் ஹெல்தி' என்று கொடுங்கள். மைக்ரேஷனை, அதாவது டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்டை, தனி சர்வீஸாக வைத்திருந்தால் அதற்கு 'சர்வீஸ் கம்ப்ளீட்டட் சக்சஸ்ஃபுலி' என்ற கண்டிஷன் இருக்கிறது.

ஹெல்த்செக்கில் போஸ்ட்கிரெஸின் பிஜி-இஸ்ரெடி கட்டளையைப் போடும்போது ஹோஸ்ட்டாக 127.0.0.1 கொடுத்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸின் அதிகாரப்பூர்வ இமேஜ் (கன்டெய்னர் உருவாகும் அச்சு), முதல் முறை டேட்டாவை அமைக்கும்போது ஒரு தற்காலிக சர்வரை எழுப்பும். அது நெட்வொர்க் முகவரியில் அல்லாமல், ஒரே கணினிக்குள் பேசும் யூனிக்ஸ் சாக்கெட்டில் மட்டுமே பதில் சொல்லும். ஹோஸ்ட் கொடுக்காத பிஜி-இஸ்ரெடி அதைக் கேட்டுவிட்டு 'தயார்' என்று சொல்லிவிடும். அடுத்த நொடி அந்தத் தற்காலிக சர்வர் அணைந்து ஏபிஐ விழும்.

இவ்வளவும் செய்தாலும், கனெக்ஷன் கிடைக்காவிட்டால் சில நொடி விட்டு மறுபடி முயலும் கோடு ஏபிஐக்குள் இருந்தே ஆக வேண்டும். புரொடக்ஷனில் டேட்டாபேஸ் நடுவில் ரீஸ்டார்ட் ஆனால் அங்கே டிபென்ட்ஸ்-ஆன் வந்து காப்பாற்றாது.

கேள்வி: மேக்ல 5000 போர்ட் எப்பவுமே பிஸின்னு வருது. எதுவும் ஓடலையே?

மற்ற ஆப்பிள் கருவிகளிலிருந்து படம், ஒலி வாங்கும் ஏர்ப்ளே ரிசீவர்தான். 2021-இல் வந்த மேக் ஓஎஸ் மான்டெரேயிலிருந்து அந்தப் போர்ட்டை அது பிடித்துக்கொள்கிறது. செட்டிங்ஸில் அணைக்கலாம், அல்லது உங்கள் போர்ட்டை மாற்றுங்கள். மாற்றுவதே நிம்மதி.

கேள்வி: முன்பக்கம் 3000-ல, ஏபிஐ 8000-ல. கார்ஸ் பிழை ஒரு பக்கம். இன்னொரு ப்ராஜெக்டைத் திறந்தா இதுல லாகின் போயிடுது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா சார்?

இருக்கிறது, ஆனால் நேர் எதிராக. கார்ஸ் என்பது, ஓர் ஆரிஜினிலிருந்து (புரோட்டோகால், பெயர், போர்ட் மூன்றும் சேர்ந்த முகவரி) வந்த பக்கம் வேறொன்றின் பதிலைப் படிக்கலாமா என்று பிரவுசர் பார்க்கும் விதி. அதில் போர்ட் மாறினாலே பிரவுசருக்கு அது வேறு ஆரிஜின். குக்கி விஷயத்தில் பிரவுசர் போர்ட்டைப் பார்ப்பதே இல்லை. லோக்கல்ஹோஸ்ட் 3000, லோக்கல்ஹோஸ்ட் 4000 இரண்டும் ஒரே குக்கிப் பெட்டியைப் பகிர்கின்றன. இரண்டு ப்ராஜெக்டும் 'செஷன்' என்ற பெயரிலேயே குக்கி வைத்தால் ஒன்று மற்றதை அழித்துவிடும்.

கார்ஸில் 'யாரும் வரலாம்' என்ற நட்சத்திரக்குறி போட்டு வாயடைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். குக்கியோடு போகும் கோரிக்கைக்கு அது செல்லவும் செல்லாது. முன்னால் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி, அதாவது பெயரைப் பார்த்துக் கோரிக்கையை உரிய சர்வீஸுக்கு அனுப்பும் சர்வர், வையுங்கள். என்ஜினெக்ஸ், கேடி, ட்ராஃபிக் எதுவானாலும் சரி. ப்ராஜெக்டுக்கு ஒரு பெயர் கொடுங்கள்: ஆப்.திட்டம்.டெஸ்ட், ஏபிஐ.திட்டம்.டெஸ்ட். புரொடக்ஷனில் எப்படி சப்டொமைன் பிரிந்திருக்கிறதோ அப்படியே இங்கும் பிரியட்டும். அப்போதுதான் குக்கி, கார்ஸ் சிக்கல்கள் இங்கேயே வெளிப்படும்.

பெயரில் மூன்று பகுதி இருப்பது முக்கியம். சுருக்கமாக ஆப்.டெஸ்ட், ஏபிஐ.டெஸ்ட் என்று வைத்தால் பிரவுசர் கணக்கில் அவை இரண்டு வேறு தளங்கள், குக்கியைப் பகிர முடியாது. டெஸ்ட் என்ற முடிவு, சோதனைக்காகவே 1999-இல் ஒதுக்கப்பட்டது. இணையத்தில் யாருக்கும் விற்கமாட்டார்கள். டெவ் என்ற முடிவு வேண்டாம்: அந்த முடிவு முழுவதையும் எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே திறக்க வேண்டும் என்று பிரவுசர்கள் பட்டியலில் வைத்திருக்கின்றன. லோக்கல் என்ற முடிவு, வீட்டு நெட்வொர்க்கில் பிரிண்டர் முதலியவற்றைக் கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ்ஸுக்கு உரியது. இந்தப் பெயர்களை லேப்டாப்புக்குத் தெரியப்படுத்தும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் வைல்டுகார்டு (எல்லா சப்டொமைனுக்கும் ஒரே வரி) கிடையாது, ஒவ்வொரு பெயரையும் தனித்தனி எழுதுங்கள். எச்டிடிபிஎஸ் வேண்டுமானால், லேப்டாப்பிலேயே சான்றிதழ் உருவாக்கித் தரும் எம்கேசெர்ட் இருக்கிறது. அது உருவாக்கும் ரூட் கீயை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: இனிட் ஸ்கிரிப்டை மாத்தினேன். டேட்டாபேஸ்ல எதுவுமே மாறலை.

டேட்டாபேஸை முதல் முறை அமைக்கும் ஸ்கிரிப்ட் அது. டேட்டா டைரக்டரி காலியாக இருந்தால் மட்டுமே ஓடும். டேட்டாவைச் சேமித்து வைக்கும் வால்யூமையும் சேர்த்து அழித்தால், அதாவது 'கம்போஸ் டவுன்' உடன் மைனஸ் வி போட்டால், மறுபடி ஓடும். உள்ளே இருக்கும் டேட்டா முழுவதும் போய்விடும் என்பது ஞாபகம் இருக்கட்டும். ஸ்கீமா மாற்றத்துக்கு இனிட் ஸ்கிரிப்டை நம்பாமல் மைக்ரேஷன் எழுதுங்கள்.

கேள்வி: விண்டோஸ்ல டபிள்யூஎஸ்எல் 2. ஒரு ஃபைல் மாத்தினா ரீலோட் ஆக ஒரு யுகம் ஆகுது, சில நேரம் ஆகவே இல்லை.

டபிள்யூஎஸ்எல் 2 என்பது விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ். உங்கள் கோடு விண்டோஸின் சி டிரைவில் இருக்கிறது, சரிதானே? அதை லினக்ஸ் ஹோம் டைரக்டரிக்குள் நகர்த்துங்கள். டிரைவ் எல்லையைத் தாண்டிப் படிப்பது மெதுவாகத்தான் இருக்கும். ஃபைல் மாறிய செய்தியும் லினக்ஸ் பக்கம் ஒழுங்காக வந்து சேராது.

கேள்வி: எங்ககிட்ட இருபது சர்வீஸ். 16 ஜிபி ரேம்ல எழுப்பினா, 137-னு எண் காட்டி ஒவ்வொண்ணா விழுது. புது லேப்டாப் கேட்கட்டுமா?

கேளுங்கள், கிடைத்தால் நல்லது. 137 என்றால் 128 கூட்டல் 9, அதாவது வெளியிலிருந்து சிக்னல் 9 அனுப்பிக் கொன்றிருக்கிறார்கள். பெரும்பாலும் மெமரி தீர்ந்ததே காரணம். டாக்கர் டெஸ்க்டாப்புக்கு எவ்வளவு ரேம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.

ஆனால் இருபதையும் ஏன் எழுப்புகிறீர்கள்? பில்லிங்கில் வேலை என்றால் பில்லிங், அது நேரடியாகப் பேசும் இரண்டு மூன்று, அவ்வளவுதான். வேண்டிய சர்வீஸ்களை மட்டும் எழுப்பும் கம்போஸ் ப்ரொஃபைல் இதற்காகவே இருக்கிறது. ஒரு சர்வீஸைத் தொட இருபதும் ஓடியே ஆக வேண்டும் என்றால், அவற்றைப் பிரித்ததாகச் சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. அது ரேம் பிரச்சினை அல்ல.

கேள்வி: லோக்கல்ல எல்லாம் ஓடுது அண்ணா, சர்வர்ல போட்டா உடையுது. புரொடக்ஷன் மாதிரியே லோக்கல அமைக்க முடியுமா?

அளவில் முடியாது, வேண்டவும் வேண்டாம். வடிவம் ஒத்திருந்தால் போதும்: அதே பெயர்கள், அதே எல்லைகள், அதே வெர்ஷன்கள். இமேஜில் 'லேட்டஸ்ட்' என்று எழுதாமல் புரொடக்ஷனில் ஓடும் எண்ணையே எழுதுங்கள்.

அதைவிட முக்கியமாக, ஏபிஐயை இரண்டு பிரதியாக ஓட்டிப் பாருங்கள். கம்போஸ் ஸ்கேலில் 2 கொடுக்கலாம். ஏபிஐக்கு லேப்டாப் போர்ட் எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள், இரண்டும் ஒரே போர்ட்டுக்குச் சண்டை போடும். முன்னால் உள்ள என்ஜினெக்ஸ் இரண்டுக்கும் மாற்றி மாற்றி அனுப்பும். இப்போது லாகின் செய்துவிட்டு நான்கு முறை ரிஃப்ரெஷ் செய்யுங்கள். செஷனை மெமரியில் வைத்திருந்தால் வெளியே தள்ளிவிடும். அப்லோட் செய்த படம் ஒரு பிரதியின் டிஸ்க்கில் மட்டும் கிடக்கும். மணிக்கொருமுறை ஓட வேண்டிய வேலை இரண்டு முறை ஓடும். சர்வரில் உடைபவை அநேகமாக இவைதான்.

இதைச் செய்யும்போது ஏபிஐயை மறுபடி உருவாக்கிய பின் 502 பிழை (பின்னால் உள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை) வந்தால் பயப்படாதீர்கள். என்ஜினெக்ஸ் பெயருக்கு உரிய ஐபியைக் கிளம்பும்போது ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளும். ரீலோட் செய்தால் புது முகவரியைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: டெஸ்ட் பண்ணும்போது நிஜ வாடிக்கையாளர்களுக்கு மெயில் போயிடுமோன்னு பயமா இருக்கு.

மெயில்பிட் கன்டெய்னர் ஒன்று சேர்த்து, மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி ஹோஸ்ட்டாக அதைக் கொடுங்கள். எல்லா மெயிலையும் பிடித்துப் பிரவுசரில் காட்டும், எதையும் வெளியே விடாது. புரொடக்ஷன் டேட்டாபேஸின் நகலை லேப்டாப்பில் வைத்திருப்பதால்தான் இந்தப் பயம் வருகிறது என்றால், அந்த நகலை அழித்துவிட்டுப் போலி டேட்டா போடும் சீட் ஸ்கிரிப்ட் எழுதுங்கள்.