தோலும் எலும்பும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கரும்பாலையில் கொப்பரையிலிருந்து பாகு தெறித்து மாமனாரின் முன்கையில் பட்டுவிட்டது. உடனே துணியால் துடைத்துவிட்டு மஞ்சளைக் குழைத்துப் பூசினோம். சுற்றிலும் எரிகிறது. நடுவில் மட்டும் வெள்ளையாகி, தொட்டாலும் வலிக்கவில்லை என்கிறார். அந்த இடம் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, கவுந்தப்பாடி

இல்லைங்க, நேர்மாறு. வலி தெரியாத அந்த நடுப்பகுதிதான் ஆழமாக வெந்திருக்கிறது. இதைப் படித்த கையோடு பிளாஸ்டிக் சர்ஜன் உள்ள மருத்துவமனைக்கு அவரை அழைத்துப் போங்கள்.

தோலில் மேல்தோல், உள்தோல் என்று இரண்டு அடுக்கு. அதற்குக் கீழே கொழுப்பு. மேல்தோல் முன்கையில் தாள் கனம்கூட இருக்காது. வலியை உணரும் நரம்பு முனைகளில் பெரும்பாலானவையும், இரத்தக் குழாய்களும், மயிர்க்கால்களும், வியர்வைச் சுரப்பிகளும் உள்தோலில்தான் இருக்கின்றன. மேல்தோல் மட்டும் வெந்தால் சிவந்து எரியும். ஒரு வாரத்தில் உரிந்து ஆறிவிடும். உள்தோலின் மேற்பகுதியும் வெந்தால் கொப்புளம் வரும், நீர் கசியும், வலி உயிரெடுக்கும். ஆனாலும் இரண்டு, மூன்று வாரத்தில் ஆறும். மயிர்க்கால்களின் அடியில் பிழைத்திருக்கும் செல்கள் மேலே ஏறி வந்து புதுத்தோலைப் பரப்புவதே காரணம். உள்தோல் முழுக்க வெந்துபோனால் நரம்பும் கருகிவிடும், மயிர்க்காலும் போய்விடும். அதனால்தான் வலிக்கவில்லை. புதுத்தோல் முளைக்க நடுவில் விதையே கிடையாது. ஓரங்களிலிருந்துதான் ஊர்ந்து வரவேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் கிடக்கும் காயம் தடித்த தழும்பாகி, மணிக்கட்டு, முழங்கை போன்ற மூட்டுகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்பே தொடையிலிருந்து ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் கனத்தில் தோலைச் சீவி எடுத்து அங்கே ஒட்டுவார்கள். தொடையில் மயிர்க்கால்கள் மிச்சமிருப்பதால் சீவிய இடம் இரண்டு வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும்.

வெல்லப்பாகு கொதிநீரைவிடப் பொல்லாதது. இறக்கும் பதத்தில் அதன் சூடு 115 டிகிரியைத் தாண்டியிருக்கும். நீர் வழிந்து ஓடிவிடும். பாகு ஒட்டிக்கொண்டு உள்ளே சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். துணியால் துடைத்தால் வெந்த தோலும் சேர்ந்து உரியும்.

அடுத்த முறை யாருக்கு நேர்ந்தாலும் முதல் வேலை, ஓடும் தண்ணீரில் முழுசாக 20 நிமிடம் கையைக் காட்டுவது. சர்க்கரை தண்ணீரில் தானே கரைந்து போகும். மூன்று மணி நேரம் கடந்துவிடவில்லை என்றால் தாமதமாகச் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, பிழைக்க வேண்டிய தோலையும் சாகடிக்கும். வளையல், மோதிரம், காப்பு, கடிகாரம் எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். பிறகு துவைத்த பருத்தித் துணியால் தளர்வாக மூடினால் போதும். மஞ்சள், இங்க், பற்பசை, மாவு எதையும் பூசினால், ஆழத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பார்க்க முடியும். நோயாளியின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை அளவு என்பது உடல் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். குழந்தைக்குப் பத்து உள்ளங்கை, பெரியவருக்குப் பதினைந்து என்ற அளவுக்கு வெந்திருந்தால் உடலின் நீர் வேகமாக இறங்கிவிடும். சிரை வழியே திரவம் ஏற்றியாக வேண்டும். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு என்றால் அளவு சின்னதானாலும் ஆஸ்பத்திரிதான். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளட்டும்.

ஆலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொப்பரைக்குப் பத்தடி தூரத்தில் ஒரு குழாயோ, நிறைந்த தண்ணீர்த் தொட்டியும் சொம்புமோ எப்போதும் இருக்கட்டும்.

என் மகனுக்கு 7 வயது. கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு உடைந்தது. கம்பி வைத்து, மாவுக்கட்டுப் போட்டு, மூன்றரை வாரத்தில் பிரித்துவிட்டார்கள். கை பாதிதான் மடங்குகிறது. ஒரு கட்டு வைத்தியர் எண்ணெய் போட்டு நீவி, இழுத்துவிட்டால் சரியாகும் என்கிறார். அவன் அப்பிச்சியும் அதையே சொல்கிறார். போகலாமா?
– வாசகர், ஆனைமலை

போகவே வேண்டாம். மற்ற எந்த மூட்டையும்விட முழங்கை நீவலைப் பொறுக்காது. அதன் முன்பக்கத்தில் எலும்போடு ஒட்டிக் கிடக்கும் தசை, அடிபட்டபோதே உள்ளுக்குள் கிழிந்து இரத்தம் கட்டியிருக்கும். அதைத் திரும்பத் திரும்ப நீவினாலும் வலுவாக இழுத்தாலும் அந்த இரத்தக்கட்டுக்குள்ளேயே எலும்பு வளர ஆரம்பித்துவிடும். தசைக்குள் எலும்பு உருவாகிவிட்டால் கை அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொள்ளும். மூன்று மாதத்தில் தானாகச் சரியாகியிருக்கும் கை, நீவலுக்குப் பிறகு ஆயுசுக்கும் மடங்காமல் போவது இப்படித்தான்.

பிரித்தவுடன் கை விறைப்பாக இருப்பது இயல்பு. குழந்தைகளுக்கு அது சில வாரங்களில், சிலருக்கு இரண்டு மூன்று மாதங்களில், விளையாட்டிலேயே தளர்ந்துவிடும். கையை 10 நிமிடம் இளஞ்சூடான நீரில் வைத்த பிறகு அவனே மடக்கட்டும், அவனே நீட்டட்டும். வாய்க்குக் கொண்டுபோவது, அதே பக்கத் தோளைத் தொடுவது, மேசை மேல் வைத்து நீட்டுவது என ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஒவ்வொன்றும் பத்துத் தடவை செய்தால் போதும். அடுத்தவர் கை அவன் கையைப் பிடித்து அழுத்தக் கூடாது. வாளியில் தண்ணீர் நிரப்பித் தூக்கவிடுவதும் நம் பக்கம் சகஜம். அதுவும் இழுவைதான், வேண்டாம். வாரா வாரம் கொஞ்சமாவது முன்னேற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதமாகியும் பாதியிலேயே நின்றால் எக்ஸ்ரே எடுத்து அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரியவரின் மனசு நோகாமல் இதையும் எடுத்துச் சொல்லுங்கள். மணிக்கட்டில் சற்றுக் கோணலாகச் சேர்ந்த குழந்தை எலும்பு, வளர வளர நிமிர்ந்துகொள்ளும். எலும்பு நீளும் இடமான வளர்ச்சித்தட்டு அங்கே சுறுசுறுப்பானது. மேற்கை எலும்பிலோ நீளத்தில் நூற்றுக்கு 80 பங்கு தோள் பக்க முனையில் வளர்கிறது. முழங்கை பக்கம் வெறும் 20 பங்கு. ஆகவே அங்கே கோணிக்கொண்டு சேர்ந்தால் கோணல் அப்படியே நின்றுவிடும். முதல் நாளே நேராகப் பொருத்த வேண்டியதாலேயே கம்பி வைத்திருக்கிறார்கள்.

எலும்பு முறிந்த புதிதில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். வீக்கம் முதல் இரண்டு நாள் ஏறிக்கொண்டே போகும். இறுகிய கட்டோ விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் கூடி, தசைக்குப் போகும் இரத்தம் நின்றுவிடும். ஆறு மணி நேரம் போனால் தசை மீளாது. விரல்கள் கொக்கி போல மடங்கி நின்றுவிடும். அடிபட்ட அளவுக்குப் பொருந்தாமல் வலி கூடிக்கொண்டே போவதும், மருந்துக்கும் அடங்காததும், மடங்கியிருக்கும் விரலை நாம் மெதுவாக நீட்டினால் குழந்தை அலறுவதும் அதன் அறிகுறிகள். மரத்துப்போவதும் நீலம் பாய்வதும் பிந்தித்தான் வரும். நாடி துடிக்கிறதே என்று சமாதானமாகாதீர்கள், கடைசிவரைகூட அது துடிக்கலாம். மாவுக்கட்டுக்கும் இதே விதி பொருந்தும்: இரவு இரண்டு மணியானாலும் கட்டைப் பிரிக்கச் சொல்லி ஓடுங்கள்.

விசைத்தறி ஓட்டுகிறேன். தொடை இடுக்கில் படர்தாமரை. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைப் போட்டால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது. விட்டால் இரண்டு மடங்காக வருகிறது. ஒரு வருடமாக இதே கதை.
– வாசகர், சோமனூர்

களிம்பின் பெட்டியை எடுத்து, கலந்திருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. இந்தப் பூஞ்சை, தோலின் மேற்பரப்பில் இருக்கும் செத்த செல் அடுக்கைத் தின்று வாழ்வது. சிவப்பும் அரிப்பும் பூஞ்சையை விரட்ட உடம்பு நடத்தும் சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. மாதக்கணக்கில் பூசினால் உள்தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரத நார்கள் கரைந்து, தொடை இடுக்கில் வரிவரியாகத் தோல் பிளந்தது போன்ற தடம் விழும். அந்தத் தடம் பிறகு மறையாது.

களிம்பை நிறுத்தியதும் முதல் வாரம் அரிப்பு கூடும். தாங்கிக்கொள்ள வேண்டும். தோல் மருத்துவரிடம் காட்டி, பூஞ்சைக்கு மட்டுமான மருந்து வாங்குங்கள். ஒரு வருடம் ஆனதற்கு மாத்திரையும் தேவைப்படும். களிம்பைத் தடிப்பின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல்கடை அகலத்துக்குப் பூச வேண்டும். பார்வைக்கு மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடரவேண்டும். பாதியில் விடுவதால்தான் பலருக்குத் திரும்புகிறது.

கழற்றாமல் கட்டியிருக்கும் அருணாக்கயிறு பூஞ்சைக்கு வீடு. அவிழ்த்து எறிந்துவிட்டு, முழுக்கக் குணமான பிறகு வேண்டுமானால் புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள். உள்ளாடையைச் சுடுநீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரிய வெயிலில் காயவைத்து, தையல் மேல் இஸ்திரி போடுங்கள். ஜீன்ஸ் கொஞ்ச நாள் வேண்டாம். வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவரும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்த்தால்தான் தீரும். துண்டு தனித்தனி.

ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் வட்டமாக வெளுத்துவிட்டது. வெண்குஷ்டமா?
– வாசகி, பெருந்துறை

குஷ்டம் என்ற பேச்சே இதில் இல்லை, பயப்படாதீர்கள். ஒருவருக்கொருவர் தொற்றாது. சில பொட்டுகளின் பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற வேதிப்பொருள் நிறம் தரும் மெலனின் செல்களைக் கொல்லக்கூடியது. இன்றே பொட்டை நிறுத்துங்கள். குங்குமமும் சிலருக்கு ஒவ்வாது என்பதால் நெற்றி கொஞ்ச காலம் வெறுமையாகவே இருக்கட்டும். சீக்கிரம் மருந்து தொடங்கினால் நிறம் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. பொட்டு படாத இடத்திலும் வெளுத்தால் அது வெண்புள்ளியாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

உடலில் 206 எலும்பு என்று மனப்பாடம் செய்கிறேன். கணக்கு எப்படி வருகிறது?
– பிளஸ் ஒன் மாணவி, ராசிபுரம்

மண்டையில் 22, இரு காதுகளுக்குள் 6, நாக்கின் அடியில் 1, முதுகுத்தண்டில் 26, விலா 24, மார்பெலும்பு 1. கைகள் தோள்பட்டையோடு 64, கால்கள் இடுப்போடு 62. கூட்டிப் பாரும்மா, 206 வரும். முதுகுத்தண்டில் பிறக்கும்போது 33 துண்டு. கீழே 5 சேர்ந்து ஒன்றாகவும், வால்பக்கம் 4 சேர்ந்து ஒன்றாகவும் ஆவதால் 26. இடுப்பெலும்பும் மூன்று சேர்ந்து ஒன்றானதே.

பனியன் கம்பெனியில் காலை 8 முதல் இரவு 8 வரை தையல். 34 வயதுதான். இடுப்பும் தொடையும் வலிக்கிறது, குத்தவைத்து எழ முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.
– வாசகி, திருப்பூர்

வைட்டமின் டி குறைவாக இருக்கலாம். கான்கிரீட்டில் கம்பியும் சிமெண்டும் போல எலும்பில் கொலாஜனும் கால்சிய உப்பும். வைட்டமின் டி இல்லாவிட்டால் குடல் கால்சியத்தை உறிஞ்சாது, உப்பு படியாது, எலும்பு மெத்தென்று ஆகும். தொடைத் தசையும் வலுவிழக்கும். குத்தவைத்து எழ முடியாதது அதனால்தான். முன்னங்கால் எலும்பைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள்; சுரீரென்று வலித்தால் சந்தேகம் வலுக்கிறது. 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி சோதனையில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. தைராய்டும் இரத்தசோகையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

வழக்கமாக 60,000 யூனிட், வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம் தருவார்கள். இதைத் தினமும் விழுங்கி, இரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு. சீட்டில் உள்ளபடி மட்டும் சாப்பிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்க வேண்டாம், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

தோல் இந்த வைட்டமினைத் தயாரிக்கப் புறஊதா பி கதிர் வேண்டும். அது கண்ணாடி ஜன்னலைத் தாண்டி வராது, காலை ஏழு மணி வெயிலிலும் போதாது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் பலன் தரும். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கைகளும் முகமும் வெயில் படும்படி 20 நிமிடம் நில்லுங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் ராகியில் சுமார் 350, ஒரு டம்ளர் பாலில் சுமார் 240. மதியம் ராகிக்களி, இரவில் பால், கூடக் கீரை என்றால் நெருங்கிவிடலாம்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கோடு, அப்பாவுக்குக் கழுத்தும் முதுகும் திரும்பவில்லை. காய்ச்சிக் குடித்தால் சரியாகுமா?
– வாசகர், நல்லம்பள்ளி

ஆகாது. நீங்கள் சொல்வதெல்லாம் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு மிகுந்திருப்பதன் அறிகுறிகள். காய்ச்சினால் நீர் ஆவியாகி அதன் அடர்த்தி கூடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் கூடாது. ஃபுளோரைடு எலும்பில் படிந்தால் எக்ஸ்ரேயில் எலும்பு கெட்டியாகத் தெரியும், ஆனால் எளிதில் ஒடியும்; தசைநார்களும் எலும்பாக இறுகி முதுகு பலகையாகிவிடும். இறுகியதை இளக்க மருந்து கிடையாது, மேற்கொண்டு ஏறாமல் தடுக்கலாம். தண்ணீர் மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் ஊருக்கு வந்தால் அதைக் குடிக்கவும் சோறாக்கவும் வைத்துக்கொண்டு, கிணற்றுநீரைத் துவைக்கவும் குளிக்கவும் விடுங்கள். குளிப்பதால் ஃபுளோரைடு தோல் வழியே உள்ளே போகாது. பல்லின் எனாமல் எட்டு வயதுவரை உருவாகிக்கொண்டிருப்பதால், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் முதல் குடம் நல்ல தண்ணீர் அதற்கே.