ரிம்மைத் திருப்பி மாட்டிய ஏடிவி: கழன்ற சக்கரத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி: பண்ருட்டி அருகே எனக்கு இரண்டு முந்திரித் தோப்புகள் உள்ளன. நடுவில் ஊராட்சிச் சாலை போகிறது. உர மூட்டை ஏற்ற வாங்கிய பழைய ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓடும் சிறு நான்கு சக்கர வண்டி) வரப்பேறும்போதெல்லாம் சாய்ந்ததால், புதுச்சேரியில் ஒரு பட்டறையில் பின்சக்கர ரிம்களைத் திருப்பி மாட்டி வண்டியை அகலப்படுத்தினேன். மூன்றாம் வாரம் சாலையைக் கடக்கையில் இடது சக்கரம் கழன்று, ஓட்டிச்சென்ற என் தம்பி மகனுக்கு மணிக்கட்டு முறிந்தது. வண்டிக்குப் பதிவும் இல்லை, காப்பீடும் இல்லை. பட்டறைக்காரரிடம் இழப்பீடு கேட்க முடியுமா? என்மீது வழக்கு வருமா?

பதில்: உங்கள் தம்பி மகன் மணிக்கட்டோடு தப்பியது பெரிய ஆறுதல். முதலில் உங்கள் பக்கத்துப் பொறுப்பைச் சொல்லிவிடுகிறேன். சுற்றுவேலிக்குள் மட்டுமே ஓடுவதற்கென அமைந்த சிறப்பு வகை வண்டியை மோட்டார் வாகனச் சட்டம், 1988 பிரிவு 2(28) தன் வரையறையிலிருந்து விலக்குகிறது. ஆனால் பொதுமக்களுக்குச் செல்ல உரிமையுள்ள இடம் எதுவும் பிரிவு 2(34)-இன்படி பொது இடம் என்பதால், பத்தடி தூரமே ஆனாலும் ஊராட்சிச் சாலையில் வண்டியை இறக்கியபின் அந்த விலக்கை நம்பி வாதாடுவது கடினம். பதிவில்லாமல் ஓட்டியதற்குப் பிரிவு 192-இன்கீழ் முதல் முறை 5,000 ரூபாய் வரையும், காப்பீடில்லாமல் ஓட்டியதற்குப் பிரிவு 196-இன்கீழ் 2,000 ரூபாயோ மூன்று மாதம் வரை சிறையோ அல்லது இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ரிம்மைத் திருப்பியது தனிக் குற்றமா என்பது வாதத்துக்கு உரியது. வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கும் பிரிவு 52 பதிவுச் சான்றின் விவரங்களை அடிப்படையாகக் கொண்டது. உங்களிடம் அந்தச் சான்றே இல்லை. ஆயினும் அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளரைத் தண்டிக்கும் பிரிவு 182ஏ(4), ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ அல்லது இரண்டுமோ என்கிறது. அந்த நேரத்தில் சாலையில் வேறொருவர் வந்து அடிபட்டிருந்தால், காப்பீடு இல்லாத நிலையில் முழு இழப்பீடும் உங்கள் தோப்பின் மேல்தான் விழுந்திருக்கும். இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

பட்டறைக்காரர் மீதான உங்கள் கோரிக்கை வலுவானது. நீங்கள் அனுப்பிய படத்தில், ரிம் துளையின் ஒரு முகத்தில் மட்டும் நட்டின் கூம்பு உட்காரும் சரிவு வெட்டப்பட்டிருக்கிறது. திருப்பி மாட்டியதால் நட்டு தட்டையான மறுமுகத்தில் விளிம்பால் மட்டும் தொட்டு நின்று, துளை முட்டை வடிவில் தேய்ந்துள்ளது. சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால் பேரிங்கின் மேலும் ஆக்சிலின் மேலும் கூடுதல் நெம்பு விசை விழும் என்பது தொழில் தெரிந்தவர் அறிந்திருக்க வேண்டியது. 'வாடிக்கையாளர்தான் கேட்டார்' என்று அவர் சொல்வார். நீங்கள் கேட்டது அகலம். பொருந்தாத நட்டை அல்ல. ஆபத்தை எச்சரிக்காததும், சில கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் முறுக்கிப் பார்க்கச் சொல்லாததும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைக் குறைபாடு என வாதிடலாம். வண்டியை விற்றவர்மீது உற்பத்திப் பொருள் பொறுப்பு (குறையுள்ள பொருளால் விளைந்த சேதத்துக்கு ஈடு) கோருவது வீண். மாற்றியமைக்கப்பட்ட பொருளுக்கு விற்பனையாளர் பொறுப்பல்ல என்று பிரிவு 87 சொல்கிறது.

இதற்காகப் புதுச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யப் பிரிவு 34 இடமளிப்பதால், கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. உங்கள் சம்மதத்தோடு வண்டியைப் பயன்படுத்தியவர் என்ற முறையில் தம்பி மகனையும் மனுதாரராகச் சேர்த்து, அவருடைய மருத்துவச் செலவைத் தனியாகக் கேளுங்கள். தோப்பு உங்கள் சொந்த வாழ்வாதாரம் என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். வணிக நோக்கத்துக்குப் பெற்ற சேவை, அதனால் நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு தள்ளிவிடப் பார்க்கும். பதிவில்லாத வண்டி என்பதை மறைக்க வேண்டாம். அது மறுதரப்பு வாயிலிருந்து வெளிவருவதைவிட உங்கள் மனுவிலேயே இருப்பது நல்லது.

முதலில், ஒப்புதல் சீட்டுடன் விரைவு அஞ்சலில் சட்ட அறிவிப்பு அனுப்புங்கள். பட்டறை ரசீது இல்லையென்றால், பணம் அனுப்பிய கைபேசிப் பரிவர்த்தனைப் பதிவு உதவும். அந்த ரிம்மையும், எஞ்சிய நட்டுகளையும், அறுந்த போல்ட்டையும் துடைக்காமல் ஒரு சாக்கில் கட்டி, தேதி எழுதி, சாட்சி ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஆணையம் நிபுணர் பரிசோதனைக்கு அனுப்பும் வரை அதை எவருக்கும், குறிப்பாகப் பழுது பார்த்துத் தருவதாக அந்தப் பட்டறையிலிருந்து வருபவருக்கு, கொடுக்க வேண்டாம்.