காலை மடக்கி உட்காரும் ஊரில்

அன்புள்ள ஐயா,

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். வடிவமைப்புப் படிப்பை முடித்துவிட்டு, நவீனமாக ஒரு நாற்காலி செய்ய முயன்றுகொண்டிருக்கிறேன். ஏற்காட்டில் மாமாவின் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களில் சிலவற்றை வெட்டுகிறார்கள். அந்த மரத்திலேயே செய்ய ஆசை. பென்சிலில் வரைந்து, பிறகு கம்ப்யூட்டரிலும் படம் செய்துவிட்டேன், இணைத்திருக்கிறேன். வடிவம் முடிந்துவிட்டது, இனி மரத்தில் கைவைக்கலாம் என்பது எப்படித் தெரியும்? நம் அடையாளம் தெரியும்படி கைப்பிடியில் தாரமங்கலம் கோயில் யாளியைச் சேர்க்கலாமா? போட்டிக்கு அனுப்பலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

யாளியைத் தாரமங்கலத்திலேயே விட்டுவிடுங்கள். கல்லில் அது பாய்கிறது. கைப்பிடியில் புடவைத் தலைப்பைத்தான் பிடித்து இழுக்கும். போட்டி உங்கள் இஷ்டம்.

படங்களைப் பார்த்தேன். பின்கால் மெலிந்து மேலேறி அப்படியே முதுகுச் சட்டமாக மாறும் இடம் அழகு. கை நன்றாகவே பழகியிருக்கிறது உங்களுக்கு. ஆனால் எல்லாப் படத்திலும் வெள்ளைப் பின்னணியில் நாற்காலி மட்டும் நிற்கிறது. ஒரு ஆள்கூட அதில் உட்காரவில்லை. யாருக்காக அம்மா இதைச் செய்கிறீர்கள்? படம் எடுப்பவருக்கா?

கொஞ்ச நாளாக இதே யோசனையில் இருந்தேன், அதனால்தான் உடனே எழுதுகிறேன். அம்மாப்பேட்டையில் என் பெரியம்மா இருக்கிறார். வலது முட்டி தேய்ந்துபோய், தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் கைப்பிடி வைத்த நல்ல தேக்கு நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டார்கள். இப்போது அதில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கிறது. பெரியம்மா உட்காருவது கைப்பிடி இல்லாத ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியில். வலது காலைத் தொங்கவிட்டு, இடது காலை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் கீரை ஆய்வார். தேக்கு நாற்காலிக்கு என்ன குறை என்று கேட்டேன். “அதுல உட்கார்ந்தா கோர்ட்டுல சாட்சி சொல்லப் போன மாதிரி இருக்குது கண்ணு” என்றார்.

பெரியம்மா மட்டுமில்லை. கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் மாமாக்களைப் பாருங்கள், மேலதிகாரி வெளியே போன பிறகு ஆபீஸைப் பாருங்கள். செருப்பு கழன்று கீழே கிடக்கும், ஒரு கால் மேலே ஏறியிருக்கும். நாம் நாற்காலிக்கு வந்துவிட்டோம், கால் இன்னும் வரவில்லை. ஆனால் நீங்கள் படத்தில் குறித்த அளவு 45 சென்டிமீட்டர் உயரம், 45 அகலம். இரண்டு பாதத்தையும் தரையில் பதித்து உட்காருபவருக்கான அளவு அது. அளவுகோல் வைத்து உங்கள் வீட்டில் யாரை அளந்தீர்கள்?

மரத்தை ஆவியில் வளைத்து நாற்காலி செய்த ஜெர்மானியர் தோனெட்டின் 14ஆம் எண் நாற்காலியை வகுப்பில் காட்டியிருப்பார்கள். 1859இல் வந்தது. ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, அவ்வளவுதான். 36 நாற்காலிகளைப் பிரித்து ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் அடுக்கி அனுப்பிவிடலாம். எனக்கும் அதன்மேல் மயக்கம் உண்டு. ஆனால் ஐரோப்பாவின் காப்பிக் கடைகளை நிரப்பிய நாற்காலி அது. நிமிர்ந்து உட்கார்ந்து குடித்துவிட்டுப் போவதற்கு அந்தச் சின்ன வட்ட இருக்கை போதும். அதில் காலை மடக்கிப் பாருங்கள், முட்டி அந்தரத்தில் நிற்கும்.

ஏற்காட்டுப் பழைய பங்களா வராந்தாக்களில் கைப்பிடி நீண்டு முன்னால் வரும் சாய்வு நாற்காலி கிடக்குமே, அதையும் பாருங்கள். சரிவெல்லாம் நடந்து வந்த துரை பூட்ஸ் காலைத் தூக்கிப் போட அந்த நீளம். ஒரு மனிதன் களைத்து உட்காரும் விதத்தைக் கண்ணால் பார்த்தவர்தான் அப்படிச் செய்திருக்க முடியும். துரைக்குக் கிடைத்த அந்தக் கவனம் பெரியம்மாவுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

கைப்பிடிதான் சிக்கல். அது இருந்தால் மடித்த முட்டி இடிக்கிறது. இல்லாவிட்டால் தேய்ந்த முட்டிக்காரர் எதை ஊன்றி எழுவார்? உங்கள் படத்தில் கைப்பிடி முன்கால்வரை வருகிறது. பாதியில் நிறுத்திப் பாருங்கள். ஆனால் எழும்போது ஊன்றும் கை உடம்புக்குப் பின்னால் போய்விடும், பலம் கிடைக்காது. அப்படியானால் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், மறுபக்கம் திறந்திருக்கட்டும். எந்தப் பக்கம்? பெரியம்மாவுக்கு வலது, உங்கள் மாமாவுக்கு இடதாக இருக்கலாம். கழற்றி மாற்றும்படி செய்ய முடியுமா? இருக்கை அகலம் 55க்குக் குறையக் கூடாது, உயரத்தை 42க்கு இறக்கலாம் என்பது என் கணக்கு. இறக்கினால் எழுவது இன்னும் கஷ்டம், திரும்பவும் கைப்பிடிக்கே வருகிறோம். காலை மடித்தால் பாரம் ஒரு மூலைக்குச் சாயும் என்பதையும் மறக்காதீர்கள். இருக்கையின் பக்கச் சட்டம் பின்காலில் இறங்கும் இணைப்புதான் முதலில் ஆடும். நீங்கள் பென்சிலைச் சீவுவது போல மெலிய வைத்திருப்பதும் அங்கேதான்.

சில்வர் ஓக்குக்குத் தேக்கின் பலம் கிடையாது. அதிலும் வளைந்த காலை நேர்ப் பலகையிலிருந்து அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்படும், அங்கேயே முறியும். தோனெட் ஆவியில் வளைத்ததால் நார் அறாமல் கூடவே வளைந்தது. உங்கள் ஆசாரியிடம் படத்தைக் காட்டினீர்களா? காட்டியிருந்தால் முதல் நிமிடத்திலேயே இதைச் சொல்லியிருப்பார்.

மலை ஈரத்தில் அறுத்த பலகை சேலத்து வெயிலில் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். கீழே கொண்டுவந்து, இடையிடையே ரீப்பர் என்னும் மெல்லிய மரச்சட்டம் கொடுத்து நிழலில் அடுக்குங்கள். காய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பேக்கிங் பெட்டிப் பலகையில் முழு அளவு மாதிரி ஒன்றை ஆணியடித்துச் செய்யுங்கள். அழகு வேண்டாம். அறுக்கலாம், உயர்த்தலாம், கைப்பிடியைப் பிடுங்கி வேறு இடத்தில் அடிக்கலாம். சில்வர் ஓக் தூள் சிலருக்கு அரிப்பு தரும், அறுக்கும்போது முகத்தை மூடிக்கொள்ளுங்கள்.

மாதிரி தயாரானதும் அம்மாப்பேட்டைக்கு எடுத்து வாருங்கள், பெரியம்மாவை உட்கார வைப்போம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று வீட்டில் கூட்டம்.