மிட்வைஃபுக்குச் சான்றிதழ் இருந்தால் போதுமா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் டாலஸில் இருக்கிறோம். மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். வீட்டிலேயே பிரசவம் பார்க்க ஒரு மிட்வைஃபிடம் பேசினோம். "நான் சர்ட்டிஃபைட்" என்கிறார். அதை நம்பலாமா?

அது மட்டும் போதாது. படிப்பும் தேர்வும் முடித்தவருக்குத் தேசிய அமைப்பு ஒன்று தருவது சான்றிதழ். பிரசவம் பார்க்க அனுமதி தருவது மாநிலம். அந்த அனுமதிதான் லைசென்ஸ்.

அமெரிக்காவில் "சர்ட்டிஃபைட்" என்பவர்களில் முக்கியமாக இரண்டு வகை. நர்சிங் படித்துவிட்டு மேலே மிட்வைஃபரி படித்தவர் சி.என்.எம். இவர்களுக்கு 50 மாநிலங்களிலும் லைசென்ஸ் உண்டு. டெக்சாஸில் நர்சிங் போர்டு தருகிறது. நர்சிங் வழியாக வராமல் நேரடியாகப் பயிற்சி பெற்றவர் சி.பி.எம். இவர்களுக்கு டெக்சாஸில் டி.டி.எல்.ஆர். என்ற துறை லைசென்ஸ் தருகிறது. நியூயார்க்கில் அதே சான்றிதழை மட்டும் வைத்து லைசென்ஸ் வாங்க முடியாது. எனவே வேறு மாநிலத்து நண்பர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, உங்கள் மிட்வைஃப் எந்த வகை என்று முதலில் கேளுங்கள். லைசென்ஸில் உள்ளபடி முழுப்பெயரை வாங்கி, அந்தந்த அலுவலகத்தின் இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஏதாவது நடவடிக்கை எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒன்றில் பெயர் இல்லையென்றால் மற்றதிலும் தேடுங்கள். இரண்டிலும் இல்லையென்றால் தயவுசெய்து அவரை விட்டுவிடுங்கள்.

அவர் டி.டி.எல்.ஆர். லைசென்ஸ் பெற்றவராக இருந்தால், சட்டம் போட்டிருக்கும் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். வலியை வேகப்படுத்த மருந்து தரக்கூடாது. குழந்தையின் கண்ணுக்கு இடும் மருந்து, ஆக்சிஜன் தவிர, சீட்டு வேண்டிய எந்த மருந்தையும் டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் கொடுக்கக்கூடாது. அதனால் நேருக்கு நேர் இப்படிக் கேளுங்கள்: "குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லையென்றால் உங்கள் பையில் என்ன மருந்து இருக்கும்? எந்த டாக்டரின் உத்தரவில் கொடுப்பீர்கள்?" தடுமாறாமல் பதில் வர வேண்டும். கேட்கச் சங்கடப்படாதீர்கள்; நல்ல மிட்வைஃப் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அவசரத்துக்கு என்ன மருத்துவ ஏற்பாடு என்பதை அவர் உங்களிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. அந்தத் தாளை மனைவியும் நீங்களும் சேர்ந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார் என்று கேட்டு, மாலை நெரிசலில் ஒருமுறை அங்கே வண்டி ஓட்டிப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை அவரிடமும் சொல்லுங்கள்.